மீன்தானே என்னும் ஃபத்வா

கரீபியன் தீவொன்றின் கடற்கரையில், மரமேசையும் அட்டைப்பெட்டிச் சாப்பாடுமாக நடக்கும் மீன்கடையில் முஸ்லிம் ஒருவர் உண்ணலாமா? நம் ஊர்களில் இருந்துகொண்டு கேட்டால் இது எவருக்கும் பயன்படாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் நம் கடலோர மஹல்லாக்களிலிருந்து கப்பல் வேலைக்குச் சென்றிருக்கும் பிள்ளைகளுக்கு இது வயிற்றின் கேள்வி. குளிர்காலம் முழுவதும் சுற்றுலாக் கப்பல்கள் அந்தத் தீவுகளைச் சுற்றி வருகின்றன. பார்படோஸின் தலைநகரான பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் காலையில் கட்டிய கப்பலைப் பெரும்பாலும் மாலையிலேயே அவிழ்த்துவிடுவார்கள். இடையில் பணியாளருக்குக் கிடைப்பவை சில மணி நேரங்கள். மாதக்கணக்கில் கப்பல் உணவையே உண்டு நாக்குச் செத்துப்போன பிள்ளை, கரையில் மீன் பொரியும் வாசனையை நோக்கி நடக்கிறான். நடப்பவன் தன் ஊர் ஆலிமுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பி, இது கூடுமா என்று கேட்கிறான். இந்தக் காலத்தில் கேட்டானே, அதுவே பெரிய காரியம்.

அப்படிக் கேட்கப்பட்ட கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள் சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை யாருடைய குரல்கள் என்பது நமக்குத் தேவையில்லை. முதற்குரல் சிரித்துக்கொண்டே சொல்கிறது: மீன்தானே, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள், மார்க்கத்தைச் சிக்கலாக்காதீர்கள். இரண்டாம் குரல் கடுகடுப்புடன் சொல்கிறது: அந்த மக்களின் கைபட்ட எதையும் தொடாதீர்கள், ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புங்கள். ஒன்று முழுவதையும் ஹலாலாக்கிற்று. மற்றொன்று முழுவதையும் ஹராமாக்கிற்று. இரண்டும் ஒரு காரியத்தில் ஒன்றுபட்டன: எவரும் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அந்தப் பொருளைப் பற்றிய தெளிவிலிருந்தே கிளைக்கும் என்பது நம் மதரஸாக்களில் மீசை முளைக்காத மாணவனும் மனனம் செய்யும் விதி. அதை மனனம் செய்வித்தவர்களே அதை மறந்து பேசுவதுதான் நம்மை எழுத வைத்தது.

முதலில் அந்தக் கடை எத்தகையது என்று பார்ப்போம். பார்படோஸின் தென்கரையில் கிறைஸ்ட் சர்ச் என்னும் பகுதியில் ஓய்ஸ்டின்ஸ் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. மீன் இறங்குதுறையும் மீன் சந்தையும் ஒட்டியபடியே வரிசையாகச் சிறு கடைகள். வாரம் முழுவதும் உணவு கிடைத்தாலும் வெள்ளி இரவுதான் அங்கே திருவிழா. பாட்டு, ஆட்டம், ரம், கூட்டம் எல்லாம் சேர்ந்திருக்கும். அவர்களுடைய தேசிய உணவு பறக்கும் மீனும் கூ-கூவும். பறக்கும் மீன் வேறெதுவுமன்று, நம் கடற்கரைகளில் கோலா என்று அழைக்கப்படும் மீனின் இனம். அந்நாட்டு ஒரு டாலர் நாணயத்தில்கூட அதுதான் பறக்கிறது. கூ-கூ என்பது சோளமாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிண்டிய களி. மீனுக்குத் தடவும் மசாலா எலுமிச்சை, பூண்டு, வெங்காயத்தாள், தைம் இலை, ஸ்காட்ச் பானட் எனப்படும் கொடிய மிளகாய் ஆகியவற்றை அரைத்தது. இதுவரை சொன்னவற்றில் ஒரு முஸ்லிம் தயங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை.

மீனின் பெயரைக் கேட்டுத் தயங்குவோர் உண்டு. அங்கே கடைப் பலகைகளில் டால்ஃபின் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்த ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த பிள்ளை, பாலூட்டியைப் பொரித்துத் தருகிறார்கள் என்று அஞ்சி விலகினால் அவனைக் குறை சொல்லமுடியாது, ஏனெனில் அவன் மத்ஹபில் நீர்வாழ்வனவற்றுள் மீன் மட்டுமே ஆகுமானது. ஆனால் அத்தீவினர் அப்பெயரால் குறிப்பது மாகி-மாகி என்னும் செதில் மீனை. கடலில் குதித்து விளையாடும் அந்த விலங்குக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. ஒரு கேள்வி கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரும் ஐயம் இது.

மீனில் பிணக்கில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை நமக்கு ஆகுமாக்கியிருக்கிறது. கடலின் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஆகுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கும் இருக்கிறது. முதற்குரல் இந்த இரண்டையும் எடுத்துவைத்துவிட்டு வழக்கு முடிந்தது என்று எழுந்துவிட்டது. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த அட்டைப்பெட்டியில் மீன் மட்டுமா இருக்கிறது?

மீனுக்குத் துணையாக வருவது பெரும்பாலும் சோறு. பச்சைத் துவரையையும் அரிசியையும் சேர்த்து வடிக்காமல் பொங்கும் சோறு. இதைத் தீவு முழுவதும் விரும்பி உண்கிறார்கள். இந்தச் சோற்றுக்கு ருசி ஏற்றும் பழைய வழி, உப்புநீரில் ஊறிய பன்றிவாலைத் துண்டு போட்டு அதனுடன் வேகவைப்பது. எல்லா வீட்டிலும் எல்லாக் கடையிலும் அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலும் மசாலாவும் மட்டும் சேர்ப்போரும் உண்டு. ஆனால் பன்றிவால் சேர்ப்பது ஒளிவுமறைவான காரியமன்று, பலரும் அறிந்த சமையல் முறை. ட்ரினிடாடில் கலலூ என்று கீரையும் வெண்டைக்காயும் மசித்து ஒரு குழம்பு செய்வார்கள். பச்சையாக, பார்ப்பதற்கு நம் வீட்டுக் கீரைமசியல் போலவே இருக்கும். அதிலும் பன்றிவால் போடும் வழக்கம் உண்டு. பஹாமாஸில் துவரைச் சோற்றுக்குப் பன்றிக் கொழுப்பைத் தாளிப்பார்கள். ஆக, மீனைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவனின் வாயில் ஹராம் நுழைவது சோற்றின் வழியாக, கீரையின் வழியாக. கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டை எடுத்து ஓரம் வைத்துவிடலாம். சோற்றில் கரைந்ததை எப்படி எடுப்பது? மீன்தானே என்று சொன்னவர் இதை அறிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார். அறியாதிருந்தால் அறியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அறியேன் என்பது அறிவின் பாதி என்று நம் முன்னோர் ஏன் சொல்லிவைத்தார்கள்?

அடுத்தது அடுப்பு. ஓய்ஸ்டின்ஸ் கடைகளில் மீனோடு கோழியும் பன்றித் துண்டுகளும் விற்கும் கடைகள் உண்டு. ஒரே கம்பி அடுப்பில் இடப்பக்கம் மீனும் வலப்பக்கம் பன்றியும் வாட்டப்படுமானால், ஒரே இடுக்கியால் இரண்டும் புரட்டப்படுமானால், அந்த மீன் நஜீஸ் பட்ட மீன். ஒரே எண்ணெயில் இரண்டும் பொரிக்கப்படுமானால் சொல்லவே வேண்டாம்; திரவத்தில் விழுந்த நஜீஸ் திரவம் முழுவதையும் கெடுக்கும் என்று படித்தவர்கள் நாம். ஷாஃபிஈ மத்ஹபில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவவேண்டும். நம் கடலோர முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மத்ஹபினர். நாய் நக்கிய தட்டுக்கு வீட்டில் மண் தேடும் நாம், பன்றி வாட்டிய கம்பியில் வெந்த மீனுக்குச் சிரித்துக்கொண்டே அனுமதி தருகிறோமென்றால் அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது?

முதற்குரலின் ஆதாரங்களுக்கு வருவோம். அவற்றைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையன்று. வேதம் அருளப்பட்டோரின் உணவு நமக்கு ஆகும் என்கிறது வேதம். பார்படோஸ் மக்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஆகவே கேள்வியில்லை என்றார். அவர்களுடைய உணவு ஆகும் என்றதால் பன்றி ஆகிவிட்டது என்று இந்த உம்மத்தில் எந்த இமாமும் சொன்னதில்லை. அந்த அனுமதி அவர்கள் அறுத்ததைப் பற்றியது. இறைவன் விலக்கியதை அவர்கள் சமைத்தால் ஆகிவிடும் என்பது பற்றியதன்று.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸையும் எடுத்துக்காட்டினார். சிலர் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அவர்கள் இறைவன் பெயரைச் சொன்னார்களா என்று தெரியவில்லை என்று கேட்டபோது, நீங்கள் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) விடையளித்த செய்தி அது. அந்த மக்கள் யார் என்பதையும் அதே ஹதீஸ் சொல்கிறது: இஸ்லாத்துக்குப் புதிதாக வந்தவர்கள். ஒரு முஸ்லிமின் செயலை நல்லதாகவே கொள்ளவேண்டும் என்ற விதி அங்கே வேலை செய்கிறது. பன்றியை விலக்க வேண்டும் என்ற கடமையே தனக்கு இல்லாத ஒருவரின் சட்டிக்கு அந்த விதியை எப்படி நீட்டுவது? அந்தப் பெண்மணி பன்றிவால் போடுவது அவர் மார்க்கத்தில் குற்றமுமில்லை, நம்மை ஏமாற்றும் எண்ணமுமில்லை. அவர் சமைக்கிறார், அவ்வளவே. விசாரிக்கும் கடமை உண்பவனுடையது.

எல்லாவற்றிலும் வலுவானது உமர் (ரலி) அவர்களின் செய்தி. பயணக் கூட்டம் ஒன்று ஒரு நீர்த்தடாகத்தை அடைந்தபோது, இங்கே காட்டு விலங்குகள் நீர் அருந்த வருவதுண்டா என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) தடாகத்துக்காரரிடம் வினவ, எங்களுக்கு அதைச் சொல்லவேண்டாம் என்று உமர் (ரலி) தடுத்துவிட்டதாக முவத்தாவில் வருகிறது. இதை வைத்துக் கேளாமையே சுன்னத் என்று கட்டினார் அந்தச் சகோதரர். தண்ணீரின் அடிப்படை தூய்மை; விலங்கு வந்ததற்கு அங்கே அடையாளம் ஏதும் இல்லை; இல்லாத ஒன்றைத் தோண்டுவதைத்தான் உமர் (ரலி) அடைத்தார்கள். கடையின் கரும்பலகையில் பன்றித் துண்டு இன்ன விலை என்று எழுதித் தொங்கவிட்டிருக்கும்போது அடையாளம் இல்லையென்று யார் சொல்வது? அடையாளம் இல்லாத இடத்தில் தோண்டுவது வஸ்வாஸ். அடையாளம் கண்ணெதிரே இருக்கையில் கண்ணை மூடிக்கொள்வதற்கு என்ன பெயர் என்பதை அவரே சொல்லட்டும்.

ஸஹாபாக்கள் கேளாதவர்களாகவா இருந்தார்கள்? அபூஸஃலபா (ரலி) நபியிடம் வந்து, நாங்கள் வேதக்காரர்களின் அண்டையில் வாழ்கிறோம், அவர்கள் தம் பானைகளில் பன்றி சமைக்கிறார்கள், தம் பாத்திரங்களில் மது அருந்துகிறார்கள் என்று சொல்லி வழி கேட்டார். இதைவிட ஓய்ஸ்டின்ஸுக்குப் பொருத்தமான கேள்வி உண்டா? வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள், கிடைக்காவிட்டால் கழுவி அதிலேயே உண்ணுங்கள் என்ற கருத்தில் விடை வந்தது. இவ்வளவு கேட்டுத் தொல்லை செய்யாதே என்று அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. அண்டை வீட்டாரின் உணவே ஆகாது என்று ஒரேயடியாக விலக்கவும்படவில்லை. இரண்டு குரல்களுக்கும் இந்த ஒரு ஹதீஸில் மறுப்பு இருக்கிறது.

கடற்கரை உணவுக்கே ஒரு வரலாறு நம்மிடம் உண்டு. அபூஉபைதா (ரலி) தலைமையில் 300 பேர் கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். பேரீச்சம்பழம் தீர்ந்து, நாளைக்கு ஆளுக்கு ஒன்று என்றாகி, பின்னர் இலைகளை அடித்து உதிர்த்துத் தின்னும் நிலை வந்தது. அப்போது அன்பர் என்னும் மாபெரும் மீன் கரையில் ஒதுங்கிற்று. இலை தின்று வாய் புண்ணான அந்த நேரத்திலும் அபூஉபைதா (ரலி) முதலில் சொன்ன சொல், இது செத்ததாயிற்றே என்பது. பிறகுதான், நாம் அல்லாஹ்வின் தூதரால் அனுப்பப்பட்டவர்கள், நெருக்கடியில் இருக்கிறோம் என்று ஆராய்ந்து உண்ணச் சொன்னார்கள். மதீனா திரும்பியதும் நபியிடம் அறிவித்தார்கள். மிச்சம் இருந்தால் தருமாறு கேட்டு நபியும் அதிலிருந்து உண்டார்கள். பசியால் வாடிய ஸஹாபாக்கள் மீனைப் பார்த்து மீன்தானே என்று சொல்லவில்லை. கேட்டார்கள், ஆராய்ந்தார்கள், உண்டார்கள், மறுபடியும் கேட்டார்கள். கப்பல் சம்பளம் வாங்கிக்கொண்டு விடுமுறைப் பொழுதில் உண்ணப்போகும் நமக்கு அத்தனையும் வேண்டாமாம்.

மதுவைப் பற்றி ஒரு சொல். ரம் அத்தீவுகளின் சொந்தச் சரக்கு. பார்படோஸின் மவுண்ட் கே ஆலை தன் பிறப்புக்கு 1703ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் காட்டுகிறது. மீன் வறுவலில் பொதுவாக ரம் சேர்வதில்லை. சுற்றுலாவினருக்கென நடக்கும் உணவகங்களில்தான் ரம் ஊற்றிய சாறு, பீர் கரைத்த மேல்மாவு, ரம் கேக் என்று வரும். சூட்டில் எல்லாம் ஆவியாகிவிடும் என்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையைப் பார்த்தால், உணவோடு கலந்து 30 நிமிடம் கொதித்த பின்னும் 35 விழுக்காடு மது மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் 25 விழுக்காடு இருக்கிறது. முழுவதும் ஆவியானாலும் பெரும்பான்மை இமாம்களிடம் மது நஜீஸ். அது விழுந்த சட்டி அசுத்தமானதுதான். பானங்களிலும் கவனம் வேண்டும். ட்ரினிடாடின் புகழ்பெற்ற அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் சிறு குப்பியில் சொட்டுச் சொட்டாக எலுமிச்சைச் சாற்றில் விடப்படும். அந்தக் குப்பியில் 44.7 விழுக்காடு மது இருக்கிறது.

நண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். இதில் நம்மவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வதைப் பார்க்கையில் நண்டே பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஹனஃபிகளுக்கு அது இல்லை. ஷாஃபிஈகளில் இமாம் நவவி தம் மின்ஹாஜில் நீரிலும் நிலத்திலும் வாழ்வனவற்றில் அதைச் சேர்த்து விலக்குகிறார். தம் மஜ்மூஉவிலோ கடல்வாழ்வனவற்றில் தவளையைத் தவிர மற்றவற்றுக்கு வழிவிடுகிறார். ஆகையால் நம் ஷாஃபிஈ ஊர்களிலேயே இரண்டு பேச்சும் இருக்கின்றன. ஆனால் தொபாகோவின் ஸ்டோர் பே கடற்கரையில் மாவுருண்டையுடன் குழம்பாகத் தரும் நண்டைப் பற்றிக் கேட்கிறவர், அது எந்த நண்டு என்று முதலில் கேட்கட்டும். அப்பகுதிகளில் சமைக்கப்படும் நீல நண்டு கரையில் வளை தோண்டி வாழும் நிலநண்டு. கடல் நண்டுக்காகச் சொன்ன சலுகையை வளைநண்டுக்கு எடுத்துக்கொடுக்க முடியாது. இதுவும் கேட்டால்தான் தெரியும்.

இனி இரண்டாம் குரல். பேணுதலின் பெயரால் பேசிய அந்தக் குரலிடம் நமக்கு முதற்குரலிடம் உள்ளதைவிட அதிக வருத்தம் உண்டு. தனக்கு ஐயமாகப் பட்டதைத் தான் விலக்குவது பேணுதல். மற்றவர்மீது அதை ஹராம் என்று சாற்றுவது பேணுதலன்று. அல்லாஹ் விலக்காததை விலக்குவது. அதன் விளைவையும் நாம் காண்கிறோம். எல்லாம் ஹராம் என்று சொல்லப்பட்ட பிள்ளை முதல் மாதம் பிஸ்கட் தின்று காலம் தள்ளுவான். மூன்றாம் மாதம் சலித்துப்போவான். ஐந்தாம் மாதம், எப்படியும் எல்லாம் ஹராம்தானே, மீனென்ன பன்றியென்ன என்று கேளாமல் உண்பான். கேட்கும் பழக்கத்தைக் கொன்றதில் இரண்டு குரல்களும் கூட்டாளிகள்.

அந்தக் குரலில் இன்னொன்றும் இருந்தது. அந்த மக்களின் கைபட்டது என்ற சொல். எந்த மக்கள்? நிறத்தைச் சொல்லாமல் சொன்ன சொல் அது. மனிதனின் கை நஜீஸ் என்று எந்த மத்ஹபில் படித்தார் என்று கேட்கிறோம். அந்த மக்கள் யாரென்றும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள். திம்பக்துவில் பிறந்து ஜென்னேயில் ஓதிய அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்பவர் ஜமைக்காவுக்கு விற்கப்பட்டார். அங்கே அரபு எழுத்திலேயே தோட்டத்துக் கணக்கை எழுதினார். 1834இல் விடுதலை பெற்றார். தம் வரலாற்றை அரபியில் எழுதிவைத்துப் போனார். அரபுத்தமிழில் கணக்கெழுதிய பாட்டனார்களைக் கொண்ட காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் அந்தக் கையெழுத்து அந்நியமாகத் தெரியாது. ட்ரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் யூனுஸ் முஹம்மத் பாத் என்பவர் மண்டிங்கோ முஸ்லிம்களைத் திரட்டி, ஒருவருக்கொருவர் பணம் சேர்த்து அடிமைப்பட்டோரை விலைக்கு வாங்கி விடுவிக்கச் செய்தார். தங்களை ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்புமாறு 1830களில் இங்கிலாந்து அரசருக்கு விண்ணப்பம் எழுதினார்.

தோட்ட முதலாளிகள் கப்பலில் தருவித்து அந்த அடிமைகளுக்கு அளந்து கொடுத்த உணவில் உப்பிட்ட மட்டரக மீனும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் இருந்தன. விலைபோகாத துண்டுகள்தான் அடிமையின் பங்கு. துவரைச் சோற்றில் இன்றும் வேகும் அந்த வால் அங்கிருந்து வந்த பழக்கம். பங்கு கொடுக்கப்பட்ட நாளில், லா இலாஹ இல்லல்லாஹ் என்று நெஞ்சில் சுமந்திருந்த ஒருவர் அதை என்ன செய்திருப்பார் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். தேர்ந்து உண்ணும் உரிமை அவருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. கேட்பதற்கு வாயும், கொடுப்பதற்குக் காசும், திரும்பிப்போவதற்குக் கப்பலும் இருக்கிறபோது மீன்தானே என்று சிரிப்பதும், அந்த மக்கள் என்று முகம் சுளிப்பதும் நமக்கு ஒன்றுபோலவே கசக்கின்றன.

அத்தீவுகளில் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள் என்பது இரு குரல்களுக்கும் தெரியவில்லை. பார்படோஸில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூரத் பக்கத்திலிருந்து சென்று, துணிமூட்டை சுமந்து வீடுவீடாக விற்றுக் குடியேறிய குஜராத்தி முஸ்லிம்களின் வழிவந்தோர் இருக்கிறார்கள். பிரிட்ஜ்டவுனில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ட்ரினிடாடுக்கு 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். இன்று அங்கே நோன்புப் பெருநாள் அரசு விடுமுறை. லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஸலாம் கொடுத்துவிட்டு எந்தக் கடையில் உண்ணலாம் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் இரண்டு குரல்பதிவுகளும் தராத விடை ஒரு நொடியில் கிடைக்கும்.

மது பரிமாறப்படும் விரிப்பில் அமரக்கூடாது என்ற கருத்துள்ள ஹதீஸை ஜாபிர் (ரலி) வாயிலாகத் திர்மிதி பதிந்திருக்கிறார். ஆகவே ஓய்ஸ்டின்ஸின் வெள்ளி இரவு நமக்கானதன்று. ஒரே நீள்மேசையில் பக்கத்தில் இருப்பவன் ரம் குப்பியைச் சாய்த்துக்கொண்டிருக்க நாம் மீன்முள் எடுத்துக்கொண்டிருப்பது அழகுமில்லை. ஆனால் அதற்காக ஊரையே விலக்கவேண்டியதில்லை. பகலில் போகலாம், பொட்டலமாக வாங்கலாம், மணலில் உட்கார்ந்து உண்ணலாம். கடல் எல்லோருக்கும் பொதுவானது.

நாம் சொல்லும் வழி இதுதான், தம்பி. பலகையில் பன்றி எழுதியிருக்கிறதா என்று பார். எழுதியிருந்தால் அடுத்த கடைக்கு நட; வரிசையாகத்தான் இருக்கின்றன. எழுதியிராத கடையில் கேட்க வேண்டியவை மூன்று: இந்த எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறீர்கள், சோற்றில் பன்றிவால் உண்டா, மாவிலோ சாற்றிலோ மது உண்டா. சோற்றில் உண்டு என்றால் சோற்றை விட்டுவிட்டுச் சீமைப்பலாவோ வறுத்த வாழைப்பழமோ கேள். அவற்றையும் அதே எண்ணெய்க் கேள்வி கேட்டே வாங்கு. முகத்தைச் சுளித்துக் கேளாதே. நான் முஸ்லிம், பன்றியும் மதுவும் உண்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கேள். பார்படோஸில் இதைக் கேட்கும் முதல் ஆள் நீயல்ல.

இதற்கும் ஒரு மறுப்பு வந்தது. முஸ்லிமல்லாத ஒருவரின் சொல்லை ஹலால் ஹராம் விஷயத்தில் எப்படி நம்புவது என்று இரண்டாம் குரலைச் சார்ந்த ஒருவர் கேட்டார். ஹனஃபி மாணவர்கள் ஓதும் ஹிதாயாவில், கராஹிய்யத் பாடத்தில் இதற்கு விடை இருக்கிறது. நெருப்பு வணங்கியான ஒரு வேலையாளை அனுப்பி இறைச்சி வாங்கிவரச் செய்து, அவன் இதை முஸ்லிமிடமோ யூதரிடமோ கிறிஸ்தவரிடமோ வாங்கினேன் என்று சொன்னால் அதை ஏற்று உண்ணலாம். வேறொருவரிடம் வாங்கினேன் என்றால் உண்ணக்கூடாது. கொடுக்கல் வாங்கலில் ஒருவர் தரும் செய்தி ஏற்கப்படும் என்பது அங்கே அடிப்படை. வேலையாளுக்காவது எசமானுக்கு அஞ்சிப் பொய் சொல்லக் காரணம் இருக்கக்கூடும். மீன்கடைப் பெண்மணிக்கு நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? பன்றிவால் போடுவது அவருக்கு வெட்கமில்லை. போட்டிருந்தால், அதனால்தான் தம் சோறு தெருவிலேயே ருசியானது என்று அவர் வாயாலேயே பெருமையாகச் சொல்லிவிடுவார்.